சாப்பிட்ட பிறகு சொல்லுவம்

புதன்கிழமை மத்தியானம், டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்துக் கதவுத் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டு அறையில், ஜோர்ஜ் கறுப்புப் பாண் துண்டுக்குள் தகரத்தில் அடைத்த ரின்மீன் சம்பலை வைத்து வாய்க்குக் கொண்டுபோன நேரம் லண்டனிலிருந்து பிரெய்ன் தொலைபேசி எடுத்தான். பிரெய்ன், ஜோர்ஜின் மனைவி கிருபாமலரின் சித்தப்பா மகன். ஒன்பது வயதில் லண்டனுக்குப் போனவன், இப்போது முப்பது. சும்மா எடுத்துக் கதைக்கிற ஆள் இல்லை.

"அத்தான், அல்பேட் அண்ணையைப் பற்றி ஒரு செய்தி வந்திருக்கு," என்றான். "ஆள் ஆஸ்பத்திரியிலை. வவுனியாவிலை. கொஞ்சம் சீரியஸ்தான்."

ஜோர்ஜ் பாணைக் கீழே வைத்தார்.

"அக்காவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. முழு விவரமும் எடுத்துப்போட்டு நானே சொல்லுறன். அதுமட்டும் அக்காவைத் தனிய விடாதேங்கோ, என்ன."

"உண்மையா ஆஸ்பத்திரியிலையோ, தம்பி?"

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஓம், அத்தான்," என்றான்.

அல்பேட் கிருபாமலரின் ஒரே தம்பி. கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை வைத்திருந்தவன், கலியாணம் கட்டாதவன். சண்டை கிழக்கே கிழக்கே தள்ளிக்கொண்டு போக, அவனும் சனத்தோடு சனமாகப் போனான். இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதத்தில் ஒரு நாள் யாரிடமோ இரவல் வாங்கிய தொலைபேசியில் மூன்று நிமிடம் கதைத்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்தத் திங்கட்கிழமை தொலைக்காட்சியில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் பலகை ஏற்றுகிற டெனிஷ்காரன் ஒருவன் ஜோர்ஜின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் நாட்டில் சண்டை முடிந்ததாமே, வாழ்த்துக்கள் என்றான். நல்ல மனிதன், மனதாரத்தான் சொன்னான். ஜோர்ஜும் நன்றி சொன்னார். வேறு என்னத்தைச் சொல்லுவது?

இந்த இடத்தில் ஆஸ்பத்திரி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவுச் செய்தியை ஒருவரும் சாவுச் செய்தியாகச் சொல்வதில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் என்பார்கள். அதற்கும் அடுத்து, சீரியஸ். அதற்கிடையில் இந்தப் பக்கத்தில் நாலு பேர் வீட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் இருந்து, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்கள். தொலைபேசியில் ஆஸ்பத்திரிக்குப் போன யாழ்ப்பாணத்தான் ஒருவனாவது குணமாகி வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஜோர்ஜின் தகப்பனும் தொண்ணூற்றாறில் இப்படித்தான் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாள் நாலு பேர் தொழிற்சாலை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றபோது, கிழவரை அடக்கம் பண்ணி ஒரு நாள் ஆகியிருந்தது.

ஆகவே ஜோர்ஜுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி, சீரியஸ், அக்காவுக்குச் சொல்லாதேங்கோ, தனிய விடாதேங்கோ. நாலும் வந்துவிட்டது. போதாததற்கு அந்த மௌனம் வேறு. இனிமேல் துருவித் துருவிக் கேட்பது அழகில்லை, சொல்லுகிறவனைச் சங்கடப்படுத்துவதாகும். "சரி தம்பி, நான் பாத்துக்கொள்ளுறன்," என்று சொல்லி வைத்துவிட்டார். மனிதன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று வாயைத் திறந்து கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை மட்டும் எங்கள் ஆட்கள் தலைகீழாக நின்றாலும் செலவழிக்க மாட்டார்கள்.

வேலை முடிந்து ஜோர்ஜ் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாஸ்டர் பாலேந்திராவின் வீட்டுக்குப் போனார். பாலேந்திரா கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையை ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய மனைவி மேரிகிறேஸ் குசினிக் கதிரையில் இருந்து அழுதார். அல்பேட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மூன்று மாதமாக அவன் பெயரைச் சொல்லி ஜெபித்து ஜெபித்து, சொந்தத் தம்பி மாதிரி ஆகிவிட்டான்.

"இண்டைக்குச் சொல்லவேண்டாம்," என்றார் பாஸ்டர். "நாளைக்குப் பரமேறுதல் ஆராதனை. வெள்ளிக்கிழமை எல்லாருமா ரீபே போறம்தானே. அங்கை வைச்சுச் சொல்லுவம். சபை முழுக்கப் பக்கத்திலை நிக்கும்."

"ஆனா அவவைச் சாப்பிட வைச்சிட்டுத்தான் சொல்லவேணும்," என்றார் மேரிகிறேஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கேட்டாப் பிறகு ரெண்டு நாளைக்குப் பச்சைத்தண்ணியும் பல்லிலை படாது."

அப்படியே முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு சொல்லுவது.

ரீபே பயணம் தை மாதத்திலேயே ஒழுங்கு பண்ணியது. கிறிஸ்து பரமேறிய வியாழனோடு வெள்ளியும் சேர்ந்தால் டென்மார்க்கில் நாலு நாள் விடுமுறை. டெனிஷ்காரர் தோட்டத்தில் புல் வெட்டுவார்கள், எங்கள் ஆட்கள் பஸ் பிடிப்பார்கள். நாட்டிலேயே பழைய பட்டினம், ஆயிரத்து முந்நூறு வருடத்துப் பழமை, பெரிய தேவாலயம் உள்ள நகரம், பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று பாஸ்டர் சொல்லி, விடுதியில் இரண்டு இரவுக்கு இடமும் எடுத்தாயிற்று. தை மாதத்தில் யாருக்குத் தெரியும், வைகாசி இப்படி விடியும் என்று.

கிருபாமலர் வரமாட்டேன் என்றுதான் நின்றாள். தொலைபேசியை விட்டு எப்படி வருவது என்பது அவளுடைய கவலை. ஜோர்ஜ் வீட்டு எண்ணைத் தன் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிட்டு, இரண்டு தரம் அடித்தும் காட்டினார்.

"பயணமெண்டால் மூஞ்சையைச் சுழிக்கிற மனிசன் நீங்கள். இப்ப என்ன இவ்வளவு அக்கறை?" என்று கேட்டாள்.

"உமக்கும் ஒரு மாற்றம் வேணும்தானே," என்றார் ஜோர்ஜ். பொய் சொல்லத் தெரியாத மனிதன் பொய் சொன்னால் காது சிவக்கும். அவருக்குச் சிவந்தது.

வியாழக்கிழமை ஆராதனைதான் அவரை அரைத்துப் போட்டது. கிருபாமலர் எழுந்து நின்று, கண்ணை மூடி, உரத்த குரலில், "ஆண்டவரே, என்ரை தம்பியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவாரும்," என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஜோர்ஜ் ஆமென் சொல்ல வேண்டும். செத்தவனுக்குக் கீறல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? சொல்லாவிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஆமென் என்றார். இருபத்தேழு வருடக் கலியாணத்தில் அவர் மனைவிக்குப் பல சின்னப் பொய்கள் சொன்னதுண்டு, கடவுளையும் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான் முதல் தரம். அந்தக் குற்றம் அன்று முழுவதும் நெஞ்சில் நெருப்பாய்க் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலமை ஒன்பது மணிக்குப் பஸ் வெளிக்கிட்டபோது நல்ல மழை. பாஸ்டர்தான் சாரதி. இருபத்திரண்டு பேர், பிள்ளைகள் தனி. சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுவது என்ற இரகசியம் பாஸ்டர் வீட்டுக் குசினியிலிருந்து கிளம்பி, வியாழன் இரவுக்குள் சபை முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சில்க்போர்க்குக்கும் பொருந்தும். கிருபாமலர் ஒருத்திக்குத்தான் தெரியாது.

அவள் பஸ்ஸில் ஏறினதும் முன் இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வெய்ல நகரத்தைத் தாண்டுவதற்குள் ஒருத்தி றோல்ஸ் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். "மலர் அக்கா, காலமை சாப்பிட்டனீங்களோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "வடிவாச் சாப்பிடுங்கோ, அக்கா," என்று வேறொரு குரல். போன மாதம் சபையில் திரைச்சீலை நிறத்துக்காக அவளோடு கோபித்துக்கொண்டு கதையாமல் திரிந்த தங்கமலர், பக்கத்தில் வந்து இருந்து, ஒன்றும் பேசாமல் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினாள்.

ஜோர்ஜ் பின் இருக்கையில் இருந்து இதையெல்லாம் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை கேள்விப்பட்டிருக்கிறார். இவர்கள் பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்த்தார்கள்.

ரீபே வந்தபோதும் மழை விடவில்லை. உருண்டைக் கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற மரச்சட்ட வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பீங்கான் நாய். விடுமுறை என்று கடைகள் பாதி பூட்டு. தேவாலயக் கோபுரம் ஏறுவம் என்று பாஸ்டர் சொன்னார், ஏறினவர்கள் மேலே மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கீழே தேவாலயத்துக்குள் மற்றவர்கள் ஈரக் குடைகளோடு நின்றார்கள். அந்த நேரம் கிருபாமலருக்குத் தும்மல் வந்தது. மேரிகிறேஸின் பை பக்கத்தில் இருந்த நீள வாங்கில் கிடந்தது. கடதாசிக் கைலேஞ்சி இருக்குமென்று அதைத் திறந்தாள். உள்ளே பனடோல் பெட்டி ஒன்று, சோடாப் போத்தல் ஒன்று, மடித்து வைத்த வெள்ளைச் சீலை ஒன்று.

அவள் முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள். எந்த அறையில் எதற்காக ஆட்கள் மெல்லமாகக் கதைக்கிறார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். பையை மூடினாள். தும்மலை மறந்துபோனாள். ஜோர்ஜிடம் வந்து, "வெளியிலை வாங்கோ," என்றாள்.

இருவரும் ஒரு குடைக்குள் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு மரத்தூண் நிற்கிறது. எந்தெந்த வருடம் கடல் பொங்கி எவ்வளவு உயரத்துக்கு ஊருக்குள் வந்ததென்று அதில் வளையம் போட்டு வைத்திருக்கிறார்கள். மேல் வளையம் ஆயிரத்து அறுநூற்று முப்பத்துநாலு, ஜோர்ஜின் தலைக்கும் மேலே. சரி, அது போகட்டும். கிருபாமலர் தூணைப் பார்க்க வரவில்லை.

"காலமை தொடக்கம் ஆறு பேர் என்னைச் சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டிட்டினம்," என்றாள். "தங்கமலர் கையைத் தடவுறா. மேரிகிறேஸின்ரை பையுக்குள்ளை வெள்ளைச் சீலை கிடக்கு. அவ அதைக் கட்டிக்கொண்டு இஞ்சை ஆரின்ரை கலியாணத்துக்குப் போகப்போறா? உண்மையைச் சொல்லுங்கோ."

"மலர், சாப்பிட்ட பிறகு பாஸ்டர்..."

"அல்பேட்டோ?"

ஜோர்ஜுக்கு இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "ஆஸ்பத்திரியிலையாம்," என்றார்.

சத்தியமான வார்த்தை அதுதான். அதைக் கேட்டுத்தான் கிருபாமலர் அந்த ஈரக் கல்லில் அப்படியே இருந்துவிட்டாள். "என்ரை தம்பி," என்றாள். "என்ரை தம்பி, என்ரை ராசா." ஜோர்ஜும் பக்கத்தில் குந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். குடை காற்றில் உருண்டு போனது. நாயோடு வந்த ஒரு டெனிஷ் பெண் அதை எடுத்துவந்து அவர்களுக்கு மேலே பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கிருபாமலர் முகத்தைத் துடைத்தாள். டெனிஷ் பெண்ணிடம் குடையை வாங்கி நன்றி சொன்னாள்.

"எப்ப?"

"புதன்கிழமை செய்தி வந்தது."

"நான் செய்தியைக் கேக்கேல்லை. அவன் எப்ப போனவன்?"

"தெரியாது."

"ஆர் கண்டது? எங்கை குழிவெட்டித் தாட்டது? தாட்டதோ, இல்லை ரோட்டிலை விட்டிட்டு வந்ததோ?"

"கேக்கேல்லை, மலர்."

"கேக்கேல்லையோ?" அவள் குரல் உயர்ந்தது. "வேலையிலை நான் எத்தினை டெனிஷ்காரருக்கு எடுத்துச் சொல்லுறனான். உங்கடை அம்மா விடியக்காலமை நாலு மணிக்குச் செத்திட்டா, நான் பக்கத்திலை இருந்தனான், கடைசியாத் தண்ணி கேட்டவ எண்டு எல்லாம் சொல்லுவன். முன்பின் தெரியாத சனத்துக்கு நான் அவ்வளவும் சொல்லுறன். என்ரை சொந்தத் தம்பியைப் பற்றி உங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. எடுங்கோ பிரெய்னுக்கு. எடுத்துக் கேளுங்கோ."

ஜோர்ஜ் எடுத்தார். மூன்றாவது மணியில் பிரெய்ன் எடுத்தான்.

"தம்பி, அக்காவுக்குச் சொல்லியாச்சு," என்றார். "எங்கை தாட்டதெண்டு கேக்கிறா."

"ஆரை?"

"அல்பேட்டை."

"அத்தான், என்ன கதைக்கிறீங்கள்? ஆர் சொன்னது அல்பேட் அண்ணை செத்ததெண்டு?"

"நீதான்."

"நான் ஆஸ்பத்திரியிலை எண்டெல்லோ சொன்னனான்."

"அதுதானே."

"அதுதானே எண்டால் என்ன?"

ஜோர்ஜ் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். "தம்பி, உண்மையான ஆஸ்பத்திரியோ? கட்டில், நேர்ஸ், மருந்து எல்லாம் உள்ள ஆஸ்பத்திரியோ?"

"ஓம், அத்தான். பொய் ஆஸ்பத்திரி எண்டு ஒண்டு இருக்கோ? காயம் பட்டவர். இப்ப பரவாயில்லையாம்."

ஒன்பது வயதில் லண்டனுக்குப் போனவன் எங்கள் பாஷையைச் சொல்லுக்குச் சொல் அப்படியே கதைப்பான் என்பது ஜோர்ஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியாது. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அல்பேட்டின் உயிரோடு சேர்ந்து அவருடைய உயிரும் வந்தது. "மலர், இருக்கிறானாம். உயிரோடை இருக்கிறானாம்," என்றார்.

கிருபாமலர் அவரைக் கண்வெட்டாமல் பார்த்தாள். "எங்கை?" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலை."

"இப்பத்தானே அதையே சொன்னனீங்கள்."

"இல்லை மலர், இது உண்மையான ஆஸ்பத்திரி."

"நான் அழுறதைப் பாத்திட்டு ரெண்டு பேருமாக் கதையை மாத்துறியள்," என்றாள். "என்னைக் கல்லிலை இருந்து எழுப்புறதுக்குச் சொல்லுறியள். எங்கடை ஆக்களை எனக்குத் தெரியாதோ? அவன்ரை குரலைக் கேக்கவேணும். அதுமட்டும் ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம்."

அவளிலும் பிழை சொல்ல முடியாது. பொய் சொல்லுவதற்கு எந்தச் சொல்லை வைத்திருந்தோமோ, அந்தச் சொல்லாலேயே உண்மையையும் சொன்னால் யார் நம்புவது? ஜோர்ஜ் திரும்பவும் பிரெய்னிடம் கதைத்தார். ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்து போகிற கன்னியாஸ்திரி ஒருவரிடம் தொலைபேசி உண்டு, அவர் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வருவார், வாசலில் ஆமிக்காரன் நிற்பதால் நெடுகக் கதைக்க முடியாது, ஆனால் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அங்கே ஆறு மணி என்றால் இங்கே இரண்டரை.

"முழுசா இருக்கிறானோ, தம்பி?" என்று கேட்டார் ஜோர்ஜ்.

திரும்பவும் அந்த மௌனம். "அண்ணையே கதைப்பார், அத்தான்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை முழுக்கச் சாப்பாடு. சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம். அல்பேட் இருக்கிறானாம் என்ற செய்தி அதற்குள் எல்லார் காதுக்கும் போய்விட்டது. சில்க்போர்க்கிலிருந்து கொண்டுவந்த துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மேரிகிறேஸ் தன் பையைக் கதிரைக்குக் கீழே காலால் தள்ளினார். கிருபாமலர் கூடத்து நடுவில், தொலைபேசியை மேசையில் வைத்து, அதற்கு முன்னால் இருந்தாள். அவள் சாப்பிடாததால் ஒருவரும் சாப்பிடவில்லை. பிள்ளைகள் மட்டும் பப்படத்தைக் களவாக உடைத்துத் தின்றுகொண்டு திரிந்தார்கள்.

"ஜெபிப்பமோ, சிஸ்டர்?" என்று கேட்டார் பாஸ்டர்.

"நீங்கள் ஜெபிச்சால் போன் அடிக்கிறது கேளாது, பாஸ்டர்," என்றாள் கிருபாமலர்.

உண்மைதான். எங்கள் சபை ஜெபித்தால் பக்கத்துத் தெரு டெனிஷ்காரர் ஜன்னலைப் பூட்டுவார்கள். ஆனால் அன்று பாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு, கதிரையில் இருந்து, வாயைத் திறக்காமல் ஜெபித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பெந்தெகொஸ்தே சபையொன்று சத்தமில்லாமல் ஜெபித்ததை அந்த விடுதிக்காரி ஒருத்திதான் கண்ணால் கண்டவள், அவளுக்கு அதன் அருமை தெரிந்திருக்காது.

இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பிரெய்னும் சேர்ந்து பொய் சொல்லியிருப்பானோ என்று ஜோர்ஜுக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் ஒரே நாளில் இவளுக்குத் தம்பியை இரண்டு தரம் சாகக் கொடுத்ததாகும்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குத் தொலைபேசி அடித்தது.

கிருபாமலர் எடுத்துக் காதில் வைத்தாள். பக்கத்தில் நின்ற ஜோர்ஜுக்கும் கேட்டது. முதலில் இரைச்சல், பிறகு தூரத்தில் யாரோ இருமுகிற சத்தம், அதற்குப் பிறகு, "அக்கா."

அவ்வளவுதான். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மூன்று மாதத்து அழுகை, அணை உடைத்தது மாதிரி வந்தது.

"அக்கா. அக்கா, ஏன் அழுறாய்? என்ன நடந்தது?" அல்பேட்டின் குரல் மாறிப்போயிற்று. "அத்தானுக்கு என்ன? அத்தான் எங்கை?"

"பக்கத்திலை நிக்கிறார்," என்று எப்படியோ சொன்னாள்.

"பொய் சொல்லாதை, அக்கா. உண்மையைச் சொல்லு. அத்தானுக்குச் சுகமில்லையோ? ஆஸ்பத்திரியிலையோ?"

ஆற்றங்கரையில் அழுததெல்லாம் போய், ஜோர்ஜுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது. குண்டுக்குள்ளிருந்து வந்து கட்டிலில் கிடக்கிறவன், டென்மார்க்கில் கதவு செய்கிற இவருக்குச் செத்தவீடு நடத்தப் பார்க்கிறான். அவர் தொலைபேசியை வாங்கினார். "அல்பேட், நான்தான் ஜோர்ஜ். நல்லா இருக்கிறன்ரா. நீ இருக்கிறதைக் கேட்டுத்தான் அக்கா அழுறா."

"நீங்கள்தானோ, அத்தான்?" அந்தப் பக்கத்தில் பெருமூச்சு விடுவது கேட்டது. "நான் பயந்துபோனன்."

"நாங்கள் பயந்ததை உனக்கு ஆறுதலாச் சொல்லுறன். உனக்கு எப்பிடி இருக்கு?"

அல்பேட் குரலைத் தணித்தான். "அத்தான், அக்கா பக்கத்திலை நிக்கிறாவோ? அவவுக்குச் சொல்லாதேங்கோ. இடது கால் இல்லை. முழங்காலுக்கு மேலை எடுத்துப்போட்டினம். காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை எண்டு டொக்டர் சொன்னவர். பிரெய்னிட்டையும் அக்காவுக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னனான். அக்கா தாங்கமாட்டா. ஒரு கிழமை போகட்டும், ஆக்களை வைச்சு மெல்ல மெல்லச் சொல்லுங்கோ."

ஜோர்ஜ் கிருபாமலரைப் பார்த்தார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முதியோர் இல்லத்துக் கண்ணால். அவருக்கு இரண்டு பக்கமும் இருபது பேர் நின்றார்கள். ஒருவருக்கும் தெரியாது. இன்னும் ஒரு கிழமை இதையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, இவள் பக்கத்தில் படுத்து, இவளோடு கோப்பி குடித்து, இவள் கேட்கிற ஜெபத்துக்கெல்லாம் ஆமென் சொல்ல வேண்டும். இனி என்னால் ஏலாது என்று நினைத்தார்.

"மலர்," என்றார், தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே. "அல்பேட்டுக்கு இடது கால் இல்லையாம். முழங்காலுக்கு மேலை எடுத்துப்போட்டினமாம். உமக்குச் சொல்லவேண்டாமாம்."

மேரிகிறேஸ் ஓடிவந்து கிருபாமலரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தங்கமலர் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். தொலைபேசிக்குள் அல்பேட், "அத்தான், என்ன வேலை செய்யிறியள்," என்று கத்துவது எல்லாருக்கும் கேட்டது.

கிருபாமலர் அழவில்லை. அந்தக் கூடத்தில் வன்னியிலிருந்து செய்தி வராத குடும்பங்கள் இன்னும் மூன்று இருந்தன. அவர்களும் மூச்சை விடாமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு கால்தானே?" என்றாள்.

"ஒரு கால்தான்."

"வேறை ஒண்டும் ஒளிக்கேல்லையே?"

"சத்தியமா இல்லை."

அவள் இரண்டு பக்கத்துப் பெண்களின் கையையும் மெல்ல எடுத்துவிட்டாள். ஜோர்ஜைப் பார்த்தாள், பாஸ்டரைப் பார்த்தாள், றோல்ஸ் கொடுத்தவளை, கோப்பி கொடுத்தவளை, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஒரு காலை மறைக்கிறதுக்கோ," என்றாள், "எல்லாருமாச் சேர்ந்து என்ரை தம்பியை முழுசாக் கொண்டனீங்கள்?"

சொல்லிவிட்டு, மாசி மாதத்துக்குப் பிறகு முதல்தரமாக, கண்ணீர் கன்னத்தில் வடிய வடியச் சிரித்தாள். பிறகு ஜோர்ஜின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, அடுத்த நாலு நிமிடமும், தன்னிடம் மறைத்ததற்காகத் தம்பியைப் பேசு பேசென்று பேசினாள்.